கோல் கோடாமை: நில அளவரின் அறம் குறித்து

இரசாயனப் பொடி தடவிய நோட்டுகளுடன் நில அளவர் ஒருவர் பிடிபட்டார் என்னும் செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி இடம்பெறுகிறது. படிக்கிறோம். ‘இவர்களே இப்படித்தான்’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுகிறோம். அத்தீர்ப்பில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. குற்றம் முழுவதையும் அந்த நோட்டுகளின்மேல் ஏற்றிவிட்டால், நோட்டுக் கைமாறாத இடங்களில் நிகழும் அநீதியைக் காண வேண்டியதில்லை. நில அளவரின் தொழிலறம் பற்றிய பேச்சு கையூட்டு என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோவது பிழை. ஒரு காசும் வாங்காத அளவரும் தம் தொழிலுக்குத் துரோகம் செய்ய இயலும். அத்துரோகத்தில் படித்தவர்களாகிய நமக்கும் பங்குண்டு. இவையே நம் வாதம்.

பிறரைக் குறை கூறுமுன் நம் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவது முறை. எம் தந்தையார் மறைந்தபின், ஊரிலிருந்த நன்செயைப் பாகம் பிரித்துக்கொள்ள உட்பிரிவுக்கு மனுச் செய்தோம். குறித்த நாளில் நில அளவரைப் பேருந்து நிலையத்திலிருந்து எம் தமையனாரின் காரில் அழைத்துவந்தோம். காலைச் சிற்றுண்டி எம் வீட்டில். சங்கிலி பிடித்தவர்கள் எம் வயலில் வேலை செய்பவர்கள். அளவர் ஒரு ரூபாயும் கேட்கவில்லை, நாமும் கொடுக்கவில்லை. கிழக்கே அடுத்த நிலம் கணவனை இழந்த மூதாட்டி ஒருவருடையது. அவருக்கு அறிவிப்புப் போயிற்றா என்று எவரும் கேட்கவில்லை. ஆளரவம் கேட்டு அவர் வரப்புக்கு வந்தபோது வேலை பாதி முடிந்திருந்தது. வடகிழக்கு மூலையில் இருக்க வேண்டிய கல்லைக் காணோம். ‘இந்தப் பூவரசுதானே சார் மூலை?’ என்றார் தமையனார். வெயில் ஏறியிருந்தது. அளவர் தலையசைத்தார். கோடு மூதாட்டியின் பக்கமாக ஒன்றரை அடி நகர்ந்து விழுந்தது. ‘தம்பி, நீங்க படிச்சவரு. காயிதத்தப் பாத்து நீங்களே சொல்லுங்க’ என்றார் அவர். நாம் காகிதத்தைப் பார்க்கவில்லை. ‘சர்க்கார் அளவு, பெரியம்மா’ என்றோம்.

முந்நூறடி நீள வரப்பு ஒன்றரை அடி நகர்ந்தால் போகும் நிலம் 450 சதுர அடி. ஒரு செண்டு என்பது 435.6 சதுர அடி. ஆக, ஒரு கார்ப் பயணமும் ஒரு வேளைச் சிற்றுண்டியும் ஒரு தலையசைப்பும் சேர்ந்து, ஒரு செண்டுக்குச் சற்று மேற்பட்ட மண்ணை அவர் கையிலிருந்து எம் கைக்கு மாற்றிவிட்டன. பட்டாவில் எவருடைய பரப்பும் மாறவில்லை, மண்ணில் மாறிவிட்டது. இதில் இலஞ்ச ஒழிப்புத் துறை பிடிப்பதற்கு எதுவுமில்லை. அடுத்த நிலத்தாருக்கு அறிவிக்காமை, காணாத கல்லைத் தேடாமை, கல் காணப்படவில்லை என்று எழுதாமை, வரைபடத்தின் படியை ஒரு தரப்புக்கு மட்டும் தருதல் ஆகிய நான்கு குற்றங்கள் அன்று நிகழ்ந்தன. நான்கிலும் பணம் இல்லை.

இலக்கியம் பயில்வோர்க்கு இக்குற்றத்தின் தன்மையை விளக்குவது எளிது. நில அளவர் நிலத்தை வழங்குபவர் என்று மக்கள் எண்ணுகிறார்கள். சில அளவர்களும் அவ்வாறே எண்ணுகிறார்கள். உண்மையில் அவர் ஏற்கெனவே எழுதப்பட்ட ஒன்றைப் படிப்பவர். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு புலப்படம் உண்டு. அதில் மூலைக் கற்கள் இன்னின்ன இடத்தில், ஒன்றுக்கொன்று இத்தனை தூரத்தில் என்று குறித்திருக்கும். கல்லுக்குக் கல் நேர்கோடு இழுத்து, வரப்பின் வளைவுகளுக்கு அக்கோட்டிலிருந்து செங்குத்துத் தூரங்களைக் காட்டியிருப்பார்கள். ஒரு கல் தொலைந்தால், தொலையாத பிற கற்களிலிருந்து அளந்துவந்து அதன் இடத்தை மீட்டெடுக்கலாம். அதற்காகவே அந்த எண்கள். சிதைந்த ஏட்டைப் பதிப்பிக்கும் பணியும் இத்தகையதே. உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டார், பாடபேதங்களைக் காட்டினார். ஏடு செல்லரித்த இடத்தில் ஒரு பதிப்பாசிரியர் தாமே ஒரு தொடரை இயற்றி இட்டு, அதைப் புலவன் வாக்கு என்று அச்சிட்டால் நாம் விடுவோமா? கருத்தரங்கில் கிழித்துத் தொங்கவிடுவோம். தொலைந்த கல்லுக்குப் பதிலாகப் பூவரசு மரத்தை ஏற்பதும் அதே இடைச்செருகல்தான். ஆனால் பதிப்பில் நேரும் பிழையால் ஒரு சொல் போகும். இப்பிழையால் ஒருவரின் விளைநிலம் போகும்.

இனிப் பழம்பெருமைக்கு வருவோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிலம் அளந்த இனம் நம்முடையது என்று மேடைதோறும் முழங்குகிறோம். உண்மைதான். முதலாம் இராஜராஜன் காலத்தில், ஏறத்தாழ 1001இல், சோழ மண்டலம் அளக்கப்பட்டது. அப்பணியை நடத்திய அதிகாரிக்கு ‘உலகளந்தான்’ என்ற பட்டம் கிடைத்தது. 1086இல் முதலாம் குலோத்துங்கன் மீண்டும் அளக்கச் செய்தான். வேலி, மா, காணி என இறங்கி, 320இல் ஒரு பங்கான முந்திரி, அதிலும் 320இல் ஒரு பங்கான கீழ்முந்திரி என்றெல்லாம் கணக்கு நுணுகியது. இந்நுட்பத்தை வியப்பதோடு நம் பேச்சாளர்கள் நின்றுவிடுகிறார்கள். அதனினும் முதன்மையான ஒன்று பல பழங்கோயில்களின் சுவர்களில் இன்றும் கிடக்கிறது. நிலம் அளந்த கோலின் நீளத்தைக் கல்லிலேயே கோடாக வெட்டி, இரு முனைகளிலும் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். கோல்கள் பலவாக இருந்தமையால், எந்தக் கோலால் அளந்தது என்பதையும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. அளப்பவன் கையிலிருக்கும் கோலை எவரும் சுவரோடு ஒட்டிவைத்துச் சரிபார்க்க இயலும். அன்றைய அளவையின் நோக்கம் வரி. அளந்தவர்கள் குடியானவரின் உற்ற துணைவர் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஆயினும் அளவு என்பது அளப்பவனின் சட்டைப்பையில் இருக்கக்கூடாது, ஊரறிய இருக்க வேண்டும் என்ற நெறியை அச்சுவர் சொல்கிறது. நாம் மரபாகக் கொள்ள வேண்டியது அதைத்தான். செங்கோல், கொடுங்கோல் என்ற சொற்களை ஆக்கிய மொழியில் அளவுகோலும் ‘கோல்’ என்றே வழங்குவதை இவ்விடத்தில் எண்ணிப்பார்க்கலாம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ஓர் ஊரின் நிலத்தைக் கூறும்போது, ஊர் நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், சேரி, சுடுகாடு முதலியவற்றைத் தனியே கழித்துவிட்டே வரியுள்ள நிலத்தைக் கணக்கிடுகின்றன. வரியேதும் தராத அந்நிலங்களும் அளக்கப்பட்டன, பெயர் பெற்றன. பின்னாளில் வருவாய்க் கணக்கில் இவை புறம்போக்கு ஆயின. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை ஆகிய அனைவர்க்கும் உரியவற்றைக் குறித்த அச்சொல்லை இன்று வசைச்சொல்லாக வழங்குகிறோம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மழையைப் பழித்தோம். நீர்வழிகளில் மனைகள் எழுவதற்கு முன் அங்கே யாரோ அளந்து கல் நட்டிருப்பார் என்பதை எத்தனை பேர் எண்ணினோம்? ஏரிகளின் எல்லையை அளந்து வரையறுத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007இல் ஒரு சட்டம் வந்தது. சட்டத்தின் கையும் காலும் அளவர்தாம். எம் கிழக்கு வரப்பில் வந்து நின்று கேட்க ஒரு மூதாட்டியாவது இருந்தார். ஏரிக்காக வரப்பில் வந்து நிற்க எவரும் இல்லை. அங்கே அளவர் வாய் திறக்காவிட்டால் சாட்சியே இல்லை.

‘செயற்கைக்கோள் வந்துவிட்டது, இனி மனிதரின் நேர்மையை நம்ப வேண்டிய தேவையில்லை’ என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இக்கூற்றை வன்மையாக மறுக்கிறோம். ஒரு புள்ளி பூமியில் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி சில செண்டிமீட்டர் பிழைக்குள் காட்டிவிடும். எந்தப் புள்ளியின்மேல் கருவியை நிறுத்துவது என்பதை மனிதரே முடிவு செய்கிறார். பூவரசின் அடியில் நிறுத்தினால் பூவரசின் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும். பழைய பிழை கணினியில் ஏறும்போது அதற்குப் புதிய மதிப்பும் கிடைத்துவிடுகிறது. 1980களில் நடந்த, ‘யு.டி.ஆர்.’ என்று ஊர்மக்கள் வழங்கும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் விழுந்த பிழைகளைத் திருத்தக் கோரி இன்றும் மக்கள் வருவாய்த் துறை அலுவலகங்களில் காத்திருக்கிறார்கள். 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த வில்லியம் லாம்டன், வெயிலில் எஃகுச் சங்கிலி நீளும் என்பதையும் கணக்கில் சேர்த்தார். அது பேரரசின் பணி, குடியானவருக்காக நிகழ்ந்ததன்று. எனினும் தன் கருவி பிழைபடும் என்று ஒப்புக்கொண்டு, அப்பிழையை எழுதிவைப்பது எக்காலத்துக்கும் உரிய தொழிலறம்.

அளவரின் தரப்பையும் கூறுவதே நடுநிலை. ஒரு குறுவட்டத்தில் பல ஊர்கள்; ஒவ்வோர் ஊரிலும் தேங்கிய மனுக்கள். முள்வெட்ட ஆள், கல், வண்டி ஆகியவற்றை மனுதாரர் பார்த்துக்கொள்வார் என்பது எழுதப்படாத வழக்கம். உள்ளூர்ப் பெரியவர்களின் தொலைபேசி அழைப்பு வேறு. ‘முடியாது’ என்று சொன்னவர்கள் தொலைவூர்களுக்கு மாற்றலாகிப் போனதை நாம் அறிவோம். இந்நெருக்கடியில் நேர்மையாகப் பணிபுரிவோர் இருக்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஆனால் ஒரு தரப்பின் காரில் வந்து, அத்தரப்பின் வீட்டில் உண்டு, அத்தரப்பின் ஆட்களைக்கொண்டு அளப்பவர் நடுவராக இருப்பது கடினம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசை உவமையாக்கினார். ஒரு தட்டில் சிற்றுண்டியை வைத்துவிட்டுத் தராசைக் குறை சொல்வதில் பொருளில்லை.

எனவே நாம் வேண்டுவன சில. அடுத்த நிலத்தார் கையொப்பமிட்ட அறிவிப்பு இல்லாமல் சங்கிலி விரிக்கக்கூடாது. எந்தக் கற்கள் இருந்தன, எவை இல்லை, எந்தக் கல்லிலிருந்து அளவு தொடங்கியது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். வரைபடத்தின் படி இரு தரப்புக்கும் போக வேண்டும். தம் உறவினர் நிலத்தை எந்த அளவரும் அளக்கக்கூடாது. மறுப்பதானால் அதையும் எழுத்தில் தர வேண்டும். அவருக்கு வண்டியும் ஆளும் அரசே தர வேண்டும். இவற்றில் சில புதியனவல்ல. எல்லைத் தகராறு எழுந்தால் விசாரித்து, காரணங்களை எழுத்தில் பதிந்து முடிவு செய்ய வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமே சொல்கிறது. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் தத்தம் மன்றங்கள் வகுத்த தொழில்நெறிகள் உண்டு. அரசு அளவருக்கு 1973ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் இருக்கின்றன; அவை பெரும்பாலும் ஊழியருக்கும் அரசுக்கும் இடையிலான உறவைப் பேசுகின்றன. வரப்பில் நிற்கும் அடுத்த நிலத்தாருக்கு அளவர் எவ்வகையில் கடமைப்பட்டவர் என்பதைச் சொல்லும் தொழில்நெறி தனியே வேண்டும். உரிமம் பெற்ற தனியார் அளவர்களும் களத்துக்கு வந்துவிட்ட இந்நாளில் அத்தேவை இரட்டிப்பாகிறது.

இறுதியாக நம்மை நோக்கி ஒரு சொல். எல்லைக்கற்களைப் பேணுவது நிலத்துக்குரியவரின் கடமை என்று அதே 1923ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கலப்பைக்கு இடைஞ்சல் என்று கல்லைப் பெயர்த்துப் போட்டவர்கள் நாம். பெயர்த்தபின் அளவரை அழைத்து, மரத்தைக் காட்டுபவர்களும் நாமே. நோட்டுக் கொடுக்காததால் நம் கை தூயது என்று எண்ணிக்கொண்டோம்.

அந்த மூதாட்டி இன்று இல்லை. நிலம் வெளியூரில் வாழும் அவருடைய மகளுக்கு வந்திருக்கிறது. சென்ற மாதம் அந்த எல்லையை மீண்டும் அளக்குமாறு நாமே மனுச் செய்து கட்டணம் செலுத்தினோம்; அம்மகளின் முகவரியையும் மனுவில் குறித்தோம். தமையனார் எம்மோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அளவர் வரும் நாளில் வண்டி அனுப்பப் போவதில்லை, இலை போடப் போவதுமில்லை. புலப்படத்தை விரித்து, வடகிழக்குக் கல் இருக்க வேண்டிய இடத்தை அவர் காட்டட்டும். அங்கே தோண்டிப் பார்க்க மண்வெட்டியோடு நாம் நிற்போம்.