பறவை பார்ப்பது எவர் வேலை?

ஓகஸ்ட் விடுமுறையைப் பேசாலையிற் பறவையும் பூச்சியும் பார்த்துக் கழித்தோம் என்றதும் நம் தோழர்கள் சிலர் நகைத்தனர். உண்டு களித்த வர்க்கத்தின் பொழுதுபோக்கு அது என்பது அவர்கள் தீர்ப்பு.

தீர்ப்பிற் பாதி உண்மை உண்டு. கொழும்பு நூதனசாலையிற் பூச்சியியற் பணியாற்றிய ஜி. எம். ஹென்றி 1955இல் வெளியிட்ட இலங்கைப் பறவைகள் நூல் அரியது. ஆயின் ஆங்கிலம் அறிந்தோர்க்கே அது திறந்தது. மறுபாதியைக் கரையிற் கண்டோம். ஆலாக்கள் கூட்டமாய் நீரில் விழுவதைக் கண்ட மீனவர் ஒருவர், அவ்விடத்தில் மீன்திரள் உண்டெனக் கைகாட்டினார். தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தொட்டறியாதவர் அவர். பொழுதுபோக்கா அது? தும்பி தாழப் பறந்தால் மழை என்றார் ஒரு மூதாட்டி. அதை நாம் அப்படியே ஏற்கவில்லை. எழுதிவைத்துச் சோதிக்க வேண்டிய கூற்று அது.

எழுதிவைக்காததன் விலை என்ன? சோளகக் காற்றைக் கேளுங்கள். 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலை 30 காற்றாடிகளுடன் திறக்கப்பட்டது. பின்னர் அதானி நிறுவனத்தின் பெருந்திட்டம் வந்தது. 2024இல் அதற்கெதிராக உயர் நீதிமன்றம் சென்ற வழக்குகளில், மத்திய ஆசியாவின் வழியே வரும் பறவைகளின் வலசைப் பாதை முதன்மை வாதங்களுள் ஒன்றாயிற்று. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகியது. பறவைக்கு இரங்கியன்று, மின்விலையை அரசு மீண்டும் பேச முனைந்ததால்.

காற்றாலையே ஆகாது என்பதன்று நம் கட்சி. நிலக்கரிப் புகையினும் அது மேலானதே. எங்கே நாட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் அறிவு எவரிடம் இருக்கிறது என்பதே வினா. 2008இற் சரணாலயமாகி, 2010இல் ராம்சர் பட்டியலேறிய வங்காலையில் மாரிதோறும் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் இறங்குகின்றன. அவற்றை எண்ணிய அறிஞர்களுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அவர்கள் எண்ணிவிட்டுத் திரும்புவர். ஆண்டு முழுதும் கரையில் வாழும் பிள்ளை பார்த்தது எந்த ஏட்டிலும் இல்லை. விசாரணை வரும்போது அப்பிள்ளையை எவரும் அழைப்பதுமில்லை.

ஆசிரிய நண்பர்களே, ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். நாள், நேரம், காற்றின் திசை, பறவைக்கு ஊரார் இட்ட பெயர், எண்ணிக்கை. ஓகஸ்டிலேயே உள்ளான்கள் வடக்கிலிருந்து திரும்பத் தொடங்கிவிடும். நகைத்த தோழர்களும் ஒரு விடியலிற் பேசாலைக்கு வந்து எண்ணட்டும். எண்ணிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் தகராறு வருமாயின் அதையும் கொப்பியில் எழுதுவோம்.