முடி கொட்டினால் பழி எண்ணெய்க் கிண்ணத்துக்கா?

"இந்தக் காலத்துப் பெண்கள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, அதனால்தான் முடி கொட்டுகிறது" என்கிறார்கள். தவறான வாதம், பெண்கள் மேல் வீண்பழியும்கூட. தேங்காய் எண்ணெய் முடியிழையைக் காக்கும். உடம்புக்குள் இருக்கும் குறையைத் தீர்க்காது.

குழந்தை பெற்ற மூன்றாம் மாதம் சீப்பில் கொத்தாக முடி வருகிறதே, அது எண்ணெய் வைக்காததாலா? கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற முடி, ஹார்மோன் இறங்கியதும் மொத்தமாக உதிர்கிறது. டெங்கு, டைபாய்டு வந்து போன இரண்டு மூன்று மாதங்களிலும் இப்படிக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் வகிடு வருஷத்துக்கு வருஷம் அகலமானால் அது பரம்பரையாக வருவதாக இருக்கலாம். சீக்கிரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, இரும்புச்சத்துக் குறைவு ஆகியவையும் காரணங்கள்தாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவளிடம் எண்ணெய்க் கணக்கு கேட்பது நியாயமா?

வீட்டுப் பெண்ணுக்கு முடி கொட்டினால் குறை சொல்லாதீர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.