வியாழக்கிழமை ஜானுக்கு



பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கும் குடும்பங்களைப் பற்றி இந்த இதழில் எழுதப்போகிறோம் என்று அறிவித்திருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. ஒரு பிள்ளையை உட்காரவைத்துப் படிக்கவைப்பதற்குள்ளேயே போதும் போதும் என்றாகிவிடுகிறதே, வீடு நிறையப் பிள்ளைகள் இருந்தால் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள்.

நடந்திருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், சதுப்பு நிலத்துக்கு நடுவே இருந்த எப்வொர்த் என்னும் சிற்றூரின் குருமனையில் நடந்திருக்கிறது. நடத்தியவர் சூசன்னா வெஸ்லி. 1669-இல் லண்டனில், ஒரு போதகரின் இருபத்தைந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர். அவர் பெற்றது பத்தொன்பது. அதில் ஒன்பது சிசுவிலேயே போய்விட, ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் ஆளானார்கள். கணவர் சாமுவேல் எப்வொர்த்தின் ஆயர்; படித்தவர், கவிஞர், கடன்காரர். 1705-இல் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் சில மாதங்கள் இருந்துவிட்டும் வந்தார். பிள்ளைகளில் ஜானும் சார்லஸும் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நம் ஊர் ஆலயங்களில் பாமாலைப் புத்தகத்தைத் திறந்தால் சார்லஸின் பாட்டுகள் இன்றும் தமிழில் இருக்கின்றன. ஆனால் நாம் பேசவந்தது அவர்கள் பெரியவர்களான கதையை அல்ல.

அந்த வீட்டுப் பள்ளி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மறுபடி இரண்டிலிருந்து ஐந்து வரை நடந்தது. தக்க காரணமில்லாமல் யாரும் இடத்தைவிட்டு எழக் கூடாது. பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பிய மறுநாள் பாடம் தொடங்கும். அதற்கு முந்தைய நாளே வீட்டை ஒழுங்குபண்ணி, மற்றவர்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுத்து, பள்ளி நேரத்தில் அந்த அறைக்குள் யாரும் வரக் கூடாதென்று சொல்லிவிடுவார். அந்த ஒரே நாளில் பிள்ளை எழுத்து முழுவதையும் கற்றுவிடும். மகள்கள் மோலிக்கும் நான்சிக்கும் மட்டும் ஒன்றரை நாள் ஆனது. அதற்காக அவர்களை அப்போது மந்தம் என்று நினைத்ததாகவும், மற்ற வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியதாகவும் சூசன்னா எழுதியிருக்கிறார். பிஞ்சுப் பாடப்புத்தகம் எதுவும் கிடையாது. மறுநாள் நேரே ஆதியாகமம் முதல் அதிகாரம், முதல் வசனம். எழுத்துக் கூட்டி, தடங்கலின்றி வாசிக்கும்வரை அதே வசனம், பிறகு அடுத்தது.

பெண் பிள்ளைகள் நன்றாக வாசிக்கப் பழகும்வரை அவர்கள் கையில் ஊசி நூலைக் கொடுப்பதில்லை என்பது அந்த வீட்டுச் சட்டம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு சட்டத்தை எழுதிவைத்த தாய்மார் அதிகம் இருந்திருக்க முடியாது. இன்னும் சில சட்டங்களைப் பாருங்கள். செய்த தப்பைத் தானே ஒப்புக்கொண்டால் அடி கிடையாது. ஒரு தப்புக்கு ஒருமுறைதான் தண்டனை. பின்னால் அதைச் சொல்லிக்காட்டக் கூடாது. உடன்பிறந்தவரின் பொருளை, ஒரு குண்டூசியானாலும், கேட்காமல் எடுக்கக் கூடாது. வேலைக்காரரிடமும் பணிவாகவே கேட்க வேண்டும். ஒருவரையொருவர் வெறும் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது, பெயரோடு சகோதரன், சகோதரி என்று சேர்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகள் நிறைந்த வீட்டில் சண்டை எங்கே முளைக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்து எழுதிய சட்டங்கள் இவை. மாலை ஆறுக்குக் குடும்ப ஜெபம், பிறகு சாப்பாடு, ஏழுக்குக் கடைக்குட்டியிலிருந்து தொடங்கிக் கைகால் கழுவல், எட்டுக்குப் படுக்கை. பிள்ளை தூங்கும்வரை பக்கத்தில் உட்காரும் வழக்கம் கிடையாது. தட்டிக்கொடுத்துத் தூங்கவைத்தே பழகிய நமக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

1709 பிப்ரவரியில் ஒருநாள் இரவு குருமனை தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. ஐந்து வயது ஜானைக் கடைசி நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே எடுத்தார்கள். வீடு மறுபடி எழும்வரை பிள்ளைகள் பல வீடுகளுக்குப் பிரிந்துபோனார்கள். திரும்பி வந்தபோது பேச்சும் பழக்கமும் மாறியிருந்தன. சூசன்னா எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கவேண்டியிருந்தது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் சங்கீதம் பாடுவது அப்போது வந்த வழக்கம். ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை பேசத் தெரிந்த கடைக்குட்டியையும், இரண்டாவது பிள்ளை அதற்கு அடுத்த குட்டியையும் தனியே அழைத்துப்போய், அன்றைய சங்கீதத்தையும் புதிய ஏற்பாட்டில் ஓர் அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும் என்பதும் அப்படியே. கேள்வி அனுப்பிய அம்மாக்களுக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது. அந்த வீட்டில் எல்லாவற்றையும் அம்மா ஒருத்தி செய்யவில்லை. அக்காவும் அண்ணனும் பாதி வாத்தியார்கள்.

மறுபாதி விடை நம் பக்கத்திலிருந்து போனது. 1711-ஆம் ஆண்டுக் குளிர்காலம். சாமுவேல் திருச்சபை மன்றக் கூட்டத்துக்காக லண்டன் போய்விட்டார். அவருடைய வாசிப்பறையில் மூத்த மகள் எமிலி ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புளூட்சோ ஆகிய இரண்டு இளைஞர்களின் பணியைச் சொல்லும் புத்தகம் அது. தமிழ் படிப்பதற்காக வயதான வாத்தியார் ஒருவரின் பள்ளியைத் தம் வீட்டுக்கே வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரல்வைத்து எழுதிப் பழகிய அதே சீகன்பால்குதான். கேட்டுக்கொண்டிருந்த சூசன்னாவை அது உலுக்கிவிட்டது. தான் ஆணும் இல்லை, போதகரும் இல்லை; ஆனாலும் இப்போது செய்வதைவிட அதிகம் செய்யலாமே, முதலில் தன் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கலாமே என்று கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார்.

அதன்பின் ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளைக்கு என்றானது. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு பெரியவர்கள் எமிலியும் சூக்கியும். பாடம் கேட்க அல்ல, அந்தப் பிள்ளையின் மனதில் என்ன இருக்கிறது என்று தனியே பேச. சார்லஸுக்கு அப்போது நாலு வயதுதான். அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலைகளில் வீட்டாருக்காக சூசன்னா வாசித்த பிரசங்கங்களைக் கேட்க அக்கம்பக்கத்தாரும் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறைத் தாண்டியது. ஊரே வீட்டுக்குள் வந்த அந்த நாட்களிலும் பிள்ளைகளின் முறை மாறவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, ஆக்ஸ்போர்டில் ஆசிரியராக இருந்த ஜான் அம்மாவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், முன்பு தனக்கு ஒதுக்கிய அந்த வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியை இப்போதும் தனக்காகத் தர முடியுமா என்று கேட்கிறார். ஏறத்தாழ முப்பதை எட்டிய மனிதர் கேட்கிற கேள்வி. ஆதியாகமத்தையோ ஆறு மணி நேரப் பள்ளியையோ அவர் திரும்பக் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும், சில பிள்ளைகளுக்கு அதற்கும் முன்பே, பிரம்புக்கு அஞ்சவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கியதாக சூசன்னாவே எழுதியிருக்கிறார். அதற்கு நாம் சமாதானம் தேட வேண்டாம். படிக்கவைத்த பெண்களுக்குப் படிப்புக்கேற்ற வாழ்வும் அமையவில்லை. மகன்கள் மூவரும் ஆக்ஸ்போர்டு போனார்கள். பெண்களில் கவிதை எழுதத் தெரிந்த ஹெட்டியை, அவள் வீட்டைவிட்டுப் போன ஒரு தவறுக்காக, 1725-இல் மனதுக்கு ஒவ்வாத ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். தகப்பன் அவளைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

வீட்டுக்கல்வி 1993-க்குள் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லுபடியாகிவிட்டது. பிள்ளைகள் நிறைந்த அங்குள்ள கிறிஸ்தவ வீடுகளில் சூசன்னாவின் பெயர் அடிக்கடி அடிபடுகிறது. அவருடைய சட்டங்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பட்டியலைப் பார்த்து எழுதிவிடலாம். வாரத்துக்கு ஒரு மாலையை ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு எதற்கும் எழுந்திருக்காமல் இருப்பதுதான் கடினம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களுக்கும், ஒற்றைப் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கும் அது எளிதல்ல என்பது உங்கள் கடிதங்களிலேயே தெரிகிறது.

அடுத்த இதழில் இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் பிள்ளைகளோடு தனியே பேச நேரம் கிடைப்பது எப்போது, கிடைக்காமல் போவது எதனால் என்று எழுதுங்கள். பிள்ளைகளே எழுதினால் இன்னும் நல்லது. தங்களுக்கு எந்தக் கிழமை வேண்டும் என்பதையும் அவர்களே குறிப்பிடட்டும். அம்மா அப்பாவின் ஒப்புதல் கையெழுத்து தேவையில்லை.

அன்புடன்,
ஆசிரியர்