விலையில் சேராத உழைப்பு



உங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து, "ஒரு பொருளை நாங்களே வடிவமைத்து, பெயர் வைத்து, விலை போட்டு, விளம்பரமும் எழுதவேண்டுமாம்" என்று சொல்லக்கூடும். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இவ்வகுப்பு மாணவர்கள் பத்து நாட்கள் புத்தகப்பை இல்லாமல் வந்து தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றோரிடம் தொழில் கற்கவேண்டும் என்கிறது. சி.பி.எஸ்.இ. வாரியமும் இவ்வகுப்புகளுக்கான திறன் பாடங்களில் சந்தைப்படுத்துதலைச் சேர்த்திருக்கிறது.

கோவண்டியில் வாழும் தகப்பன்மாரில் சிலருக்கு இது கசக்கும். "கூடை சுமந்து விற்றது எங்களோடு போகட்டும் என்றுதானே பிள்ளையைப் படிக்க அனுப்பினோம், அங்கேயும் விற்கத்தானா கற்றுக்கொடுக்கிறார்கள்?" இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயினும் இந்தப் பாடத்தைத் தள்ளிவிடாதிருங்கள். சரியாகக் கற்பித்தால், அடுத்தவருடைய தேவையைக் காணவும், வீட்டிலுள்ளவர்களின் உழைப்பை அளக்கவும் பிள்ளை இதிலே பழகும்.

ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் சந்தைப்படுத்துதலை நான்கு தலைப்புகளில் அடக்கினார்: பொருள், விலை, விற்கும் இடம், விளம்பரம். நம் பிள்ளைகளோ பெரும்பாலும் நான்காவதிலிருந்து தொடங்குவார்கள். சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் கேட்பார்கள். அழகான பெயரும் பளபளப்பான படமும் ஆயத்தமாகிவிடும். அந்தப் பொருள் யாருக்கு வேண்டும் என்று கேட்டால் பதில் இராது.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினவர். வசதியுள்ளோர் வாங்குவதை ஏழையும் வாங்கக் கூடவேண்டும் என்று எண்ணி, ஷாம்பு முதலியவற்றைச் சிறு பாக்கெட்டுகளில் அடைத்துப் பார்த்தார். தினக்கூலி பெறுகிறவனால் பாட்டில் வாங்க இயலாது. அன்றைய தேவைக்கு மட்டும் என்றால் வாங்குவான். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு தனியே தொழில் தொடங்கி, தகப்பனுடைய பெயரை நினைவுகூரும் விதமாகத் தம் ஷாம்புவுக்கு 'சிக்' என்று பெயரிட்டார். கிராமங்களில் சிறுவரின் தலையைக் கழுவிக் காட்டி, ஜனங்களைத் தொட்டுப் பார்க்கச் செய்தார்கள். எந்த நிறுவனத்தின் காலிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தாலும் ஒரு 'சிக்' இலவசம் என்று அறிவித்தார்கள். பின்னர் 'சிக்' காலிப் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே என்று மாற்றினார்கள். நான்கு தலைப்புகளும் இந்த ஒரு வரலாற்றிலேயே இருக்கின்றன.

ஆனால் கோவண்டிப் பிள்ளைகள் கேட்கவேண்டிய ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: பாக்கெட் காலியானபின் எங்கே போகிறது? பல அடுக்குகளாய் ஒட்டப்பட்ட அந்தத் தாளைப் பழைய சாமான் கடைக்காரரும் எடைக்கு வாங்குவதில்லை. 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவனார் மேடு நம் அருகில்தான் இருக்கிறது. 2016 ஜனவரியில் அது பற்றியெரிந்தபோது எழுந்த புகையைச் சுவாசித்தவர்கள் நம்மிடையே அநேகர். ஆகவே பிள்ளை வடிவமைக்கும் பொருளோடு அதன் உறையையும் பாருங்கள்.

விலைக்கு வருவோம். அம்மா முறுக்கு சுடுகிறார்கள், பிள்ளை அதையே தன் பொருளாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவு, எண்ணெய், எரிவாயு, உறை எல்லாம் சேர்த்து 20 பாக்கெட்டுக்கு 260 ரூபாய். ஒன்று 15 ரூபாய் என்று விற்றால் 300. "லாபம் 40" என்று பிள்ளை மகிழ்ச்சியோடு எழுதும். அங்கே நிறுத்தி, "அம்மா எத்தனை மணிநேரம் அடுப்பருகே இருந்தார்கள்?" என்று கேளுங்கள். மூன்று மணிநேரம் என்றால், மணிக்கு 14 ரூபாய்கூட முழுதாய் வரவில்லை. அந்தக் கணக்கில் லாபம் என்பதே இல்லை. கொடுக்கப்படாத கூலிதான் லாபம் என்ற பெயரில் நிற்கிறது. வீட்டிலிருந்தபடியே ஜரிகை வேலையும் துண்டு வேலையும் செய்கிற நம் சகோதரிகள் எத்தனை ஆண்டுகளாய் இந்தக் கணக்கில் வாழ்கிறார்கள்! எட்டாம் வகுப்புப் பிள்ளை இதைத் தன் கையால் எழுதிப் பார்ப்பது, எனக்கு விளம்பரப் படத்தைவிடப் பெரிதாய்த் தோன்றுகிறது.

20 ரூபாய் வைத்தால் மணிக்கு ஏறக்குறைய 47 ரூபாய் கிடைக்கும். ஆனால் அந்த விலைக்கு நம் தெருவில் விற்குமா? விற்காதென்றால், செம்பூர் ஸ்டேஷன் அருகே விற்குமா? மூன்றாவது தலைப்பான இடம் இப்படித்தான் பிள்ளைக்குப் புரியும். தாராவியிலிருந்து சைக்கிளில் இட்லி கொண்டுபோகும் நம் சகோதரர்கள் இதைப் படித்தவர்கள் அல்லர். யார் எந்த நேரத்தில் எங்கே பசியோடிருப்பார் என்பதை அறிந்தவர்கள். அவர்களுடைய ஹார்ன் சத்தமே அவர்களுக்கு விளம்பரம்.

விளம்பரத்தில் பொய் கலவாதிருக்கப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஜனங்களைத் தவறாக நடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடங்கொடுக்கிறது. கள்ளத்தராசைக் குறித்து ஞாயிறு பள்ளியில் கேட்ட பிள்ளைக்கு இது புதிதல்ல. வீட்டிலுள்ள பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பி எடை, விலை, தயாரித்தவர் முகவரி ஆகியவற்றை வாசிக்கச் செய்யுங்கள்.

ஒரு எச்சரிப்பு. பாடம் என்ற பெயரில் பிள்ளையைச் சிக்னலில் விற்க நிறுத்தாதிருங்கள். 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைச் சட்டம் தடுக்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை 2016-இன் திருத்தம் அனுமதிக்கிறது, அதுவும் ஆபத்தில்லாத வேலையில்.

முதல் வேலையாக, அக்கம்பக்கத்து ஐந்து வீடுகளுக்குப் பிள்ளையை ஒரு நோட்டோடு அனுப்புங்கள். "நான் செய்தால் வாங்குவீர்களா?" என்று கேட்கவேண்டாம்; பிள்ளை முகத்தைப் பார்த்து எல்லாரும் ஆம் என்பார்கள். "கடைசியாக இதுபோன்றதை எப்போது, எங்கே, எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். சார்ட் பேப்பரை அதற்குப் பிறகு வாங்கிக் கொடுங்கள்.