அனுப்பும் பணமும் அடையும் பணமும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் வாக்கு. ஆற்றிற்கே அளவு வேண்டுமெனின், கடல் கடந்து வரும் பணத்திற்கு அளவு வேண்டாமா? பாலைவன நாடொன்றிலே ஒரு தாய் முப்பது நாள் உழைத்து ஈட்டும் ஊதியம், கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூருக்கு வந்து சேருமுன் எத்தனை கைகளைத் தொட்டு, எவ்வளவு தேய்ந்து வருகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அதனை இவ்வாரம் ஆராய்வோம்.

சம்பூர் மக்கள் பட்ட பாடு தமிழர் அறிந்ததே. 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே போரினால் ஊரை விட்டகன்ற அவர்கள், மட்டக்களப்பிலும், பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களின் முகாம்களிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகளைக் கழித்தனர். அவர்தம் காணிகளிற் பெரும்பகுதி முதலீட்டு வலயத்துக்கெனவும் கடற்படை முகாமுக்கெனவும் அடைபட்டுக் கிடந்து, 2015, 2016ஆம் ஆண்டுகளிலேதான் மீண்டது. மீண்ட காணியில் வீடில்லை, பட்டியில் மாடில்லை, கரையில் தோணியில்லை. இவ்வாறு அடியிலிருந்து வாழ்வைத் தொடங்கும் ஒரு குடும்பத்துக்கு, குவைத்திலோ சவூதி அரேபியாவிலோ பணிபுரியும் மகளும், கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியேறிய மைத்துனனும் அனுப்பும் பணம் விதைநெல்லுக்கு ஒப்பானது. விதைநெல்லிலே ஒரு மணி சிந்தினால் அடுத்த போகத்திலே ஒரு கதிர் குறையும்.

கடல் கடந்து பணம் அனுப்புதல் தமிழர்க்குப் புதிதன்று. பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் பணியாற்றிய யாழ்ப்பாணத்தார் ஊருக்குப் பணம் அனுப்பியே கல்வீடுகளை எழுப்பினர். பர்மா, மலாயா, இலங்கை எனப் பரவி வணிகம் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார் உண்டியல் எழுதினர். ஓரூரிலே பணத்தைக் கட்டிப் பெற்ற ஓலையை மற்றோரூர்க் கடையிலே காட்டினால் அங்கே பணம் கிடைத்தது. தபாற்கந்தோரின் காசுக்கட்டளையும் வங்கி வரைவும் பின்வந்தோர்க்குத் துணையாயின. இன்றோ கைத்தொலைபேசியைத் தொட்டவுடன் பணம் பறந்து வருகின்றது. ஆயினும், இடையிலே கழிந்தது எவ்வளவு என்னும் வினா அன்றும் இன்றும் ஒன்றே.

அவ்வினாவுக்கு விடை காணும் வழி எளிது. பணம் அனுப்புவதிலே இரு வகைச் செலவுகள் உள. ஒன்று வெளிப்படையான கட்டணம். அது பற்றுச்சீட்டிலே அச்சாகியிருக்கும். மற்றொன்று நாணயமாற்று வீதத்துக்குள்ளே ஒளிந்திருப்பது. சந்தையிலே ஒரு டொலர் விற்கும் விலைக்கும், நமக்குத் தரப்படும் விலைக்கும் உள்ள வேறுபாடே அது. முன்னது கண்ணுக்குத் தெரியும் திருடன் எனின், பின்னது வீட்டுக்குள்ளேயே குடியிருப்பவன்.

மாணவர்க்கு ஒரு பயிற்சிக் கணக்காகவும் அமையுமாறு இதனை விளக்குவோம். கணக்கு எளிதாகும்பொருட்டு, ஒரு டொலரின் சந்தை மதிப்பு 300 ரூபா என்று வைத்துக்கொள்க. அனுப்பும் தொகை 200 டொலர். ஒரு சதமும் குறையாது வந்தால் 60,000 ரூபா கிடைத்தல் வேண்டும். முதலாவது நிறுவனம் 2 டொலர் கட்டணம் பெற்று, டொலருக்கு 297 ரூபா தருகின்றது. வீட்டுக்கு வருவது 58,806 ரூபா. இரண்டாவது நிறுவனம் "கட்டணமே இல்லை" என்று பெரிய எழுத்திலே விளம்பரம் செய்து, டொலருக்கு 292 ரூபா தருகின்றது. வருவது 58,400 ரூபா. மூன்றாவதாக ஒரு வங்கி 15 டொலர் கட்டணம் பெற்று, டொலருக்கு 299 ரூபா தருகின்றது. வருவது 55,315 ரூபா. கட்டணம் பெறாத நிறுவனம், கட்டணம் பெற்ற நிறுவனத்தினும் 406 ரூபா மிகுதியாகக் கழித்துக்கொண்டதைக் காண்க.

இனி, அதே மூவரிடமும் 2,000 டொலரைக் கொடுத்துப் பார்ப்போம். முதலாமவர் வழியே 593,406 ரூபா வருகின்றது. இரண்டாமவர் வழியே 584,000 ரூபாதான். வங்கி வழியே 593,515 ரூபா வந்து, எல்லார்க்கும் முன்னிற்கின்றது! சிறுதொகைக்கு மிக மோசமாயிருந்த வழி பெருந்தொகைக்கு மிக நல்லதாயிற்று. ஆதலின், மலிவான வழி எது என்று பொதுவாகக் கேட்பதிலே பயனில்லை. எவ்வளவு தொகைக்கு, எந்த நாட்டிலிருந்து, எந்நாளில் என்று சேர்த்துக் கேட்டாலன்றி விடை சரிவராது. கேட்க வேண்டிய வினாவும் ஒன்றே: "இத்தொகையைத் தந்தால் என் வீட்டார் கையிலே எத்தனை ரூபா சேரும்?" அதற்கு நேர்விடை கூறாத இடத்தை விட்டு அடுத்த வாயிலை நாடுக.

வளைகுடா நாடுகளில் உள்ளோர்க்கு இன்னுமோர் எளிய அளவுகோல் உண்டு. சவூதி றியால், ஒரு டொலருக்கு 3.75 றியால் என்று 1986 முதல் கட்டி வைக்கப்பட்டுள்ளது. இலங்கை மத்திய வங்கி நாள்தோறும் வெளியிடும் டொலர் விலையை 3.75ஆல் வகுத்தால் றியாலின் நியாய விலை கிடைக்கும். டொலர் 300 ரூபா எனின் றியால் 80 ரூபா ஆகும். நாணயமாற்றுக் கடைக்காரர் 78 ரூபா தந்தால், 1,000 றியாலிலே 2,000 ரூபா அவர் மேசையிலே தங்கிவிட்டது என்று பொருள்.

இப்போது வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம். வங்கிக்கும் வங்கிக்குமிடையே பணம் அனுப்புதலிலே, 1973ஆம் ஆண்டு பெல்ஜியத்திலே தொடங்கப்பெற்ற சுவிப்ட் என்னும் அமைப்புச் செய்தியைக் கொண்டு செல்கின்றது. பணம் இடைநின்ற வங்கிகளின் கணக்குகள் வழியே நகர்கின்றது. அவ்விடை வங்கிகளும் தத்தம் கூலியைக் கழித்துக்கொள்வதுண்டு. இச்செலவை அனுப்புபவர் ஏற்பதா, பெறுபவர் ஏற்பதா, இருவரும் பகிர்வதா என்று படிவத்திலே ஒரு கட்டம் இருக்கும். அதனைப் படியாமல் ஒப்பமிடுவோரே பலர். பின்னர், "அனுப்பியது ஒன்று, வந்தது ஒன்று" என்று வீட்டிலே வீண் ஐயம் எழுகின்றது. உறவிலே கீறல் விழுவதற்கு இச்சிறு கட்டமே போதும்.

இரண்டாவது வழி பணமாற்று நிறுவனங்கள். வெஸ்டர்ன் யூனியன் 1851இலே தந்தி நிறுவனமாகப் பிறந்து, 1871 முதல் பணமும் அனுப்பி வருவது. இத்தகையோரிடம் வங்கிக் கணக்கு இல்லாதவரும் அடையாள அட்டையைக் காட்டிப் பணமாகவே பெறலாம். நோய், மரணம் முதலிய அவசரங்களிலே இது பேருதவி. ஆயின், அவ்வசரத்துக்குரிய விலை வீதத்துக்குள்ளே சேர்ந்திருத்தல் கூடும். அன்றியும், சம்பூரிலிருந்து மூதூருக்குச் சென்று வரும் பேருந்துச் செலவும் அன்றைய கூலியிழப்பும் எந்தப் பற்றுச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. கணக்கிலே நேரே விழும் பணத்துக்கு அவ்விழப்புக் குறைவு.

மூன்றாவது வழி கைத்தொலைபேசிச் செயலிகள். 2011ஆம் ஆண்டு இலண்டனிலே எஸ்தோனியர் இருவர் தொடங்கிய வைஸ் நிறுவனத்தின் பிறப்பு சுவையானது. ஒருவருக்குச் சம்பளம் யூரோவிலே வந்தது. செலவோ இலண்டனிலே பவுணில். மற்றவருக்குச் சம்பளம் பவுணிலே வந்தது. எஸ்தோனியாவிலே கட்ட வேண்டிய வீட்டுக்கடன் யூரோவில். ஒருவர் பவுணைக் கொடுக்க, மற்றவர் யூரோவைக் கொடுத்தார். எல்லையைக் கடந்து ஒரு காசும் செல்லாமலே இருவர் தேவையும் நிறைவேறிற்று. நம் நகரத்தார் கணக்கேடுகளை நன்கறிந்தவர்க்கு இதிலே வியப்பு ஒன்றுமிராது. அங்கே வாங்கி இங்கே கொடுத்து, இரு பக்கக் கணக்கையும் பின்னர் நேர் செய்யும் பழைய உண்டியலின் தத்துவமே, அரசாங்க உரிமமும் மேற்பார்வையும் பெற்றுப் புதுவேடம் பூண்டது.

அவ்வாறாயின் இன்றைய உண்டியல்காரரிடம் கொடுத்தால் என்ன என்று சிலர் வினவுவர். கேட்கத்தக்க கேள்வியே. உண்டியல்காரர் வாயிற்படிக்கே பணம் கொணர்வர். நல்ல வீதமும் தருவர். முகாமிலே வாழ்ந்தவர்க்கும் ஆவணம் இழந்தவர்க்கும் வேறு வழி எளிதிற் கிட்டாத காலமும் இருந்தது. ஆயினும் அது சட்டத்துக்குப் புறம்பானது. பற்றுச்சீட்டு இல்லை; பணம் வாராதொழிந்தால் முறையிட இடமும் இல்லை. கையிலே தரப்படும் நோட்டு எந்தப் போதைப்பொருள் வணிகத்திலிருந்து வந்தது என்பதும் பெறுபவர் அறியார்.

நாடு இதனால் அடைந்த துன்பம் நம் கண்முன்னே நிகழ்ந்தது. 2020இலே வெளிநாட்டில் உழைப்போர் வங்கிகள் வழியே இலங்கைக்கு அனுப்பியது ஏறத்தாழ 710 கோடி டொலர். 2021இலே டொலரின் விலையை ஏறத்தாழ 200 ரூபாவிலே கட்டி நிறுத்தியபோது, உண்டியல்காரர் அதனினும் மிகுதியாகத் தந்தனர். அவ்வாண்டு திசெம்பரிலே டொலருக்கு 10 ரூபா ஊக்கத்தொகை தரப்பட்டும் ஓட்டம் நிற்கவில்லை. 2022இலே வரவு ஏறத்தாழ 379 கோடியாக வீழ்ந்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இல்லாமல் மக்கள் வரிசையிலே நின்றனர். இதிலே உழைப்பாளரை மட்டும் குறை கூறுதல் நீதியாகாது. 200 ரூபாவுக்கு மேல் பெறுமதியான டொலரை 200 ரூபாவுக்குத் தருக என்றால், ஏழைத் தாயின் மடியிலிருந்து நாட்டின் குறையை நிரப்புவதாகும். 2022 மார்ச்சிலே அக்கட்டு தளர்ந்தது. வீதம் சந்தையோடு நெருங்கிய பின்னர் பணமும் வங்கிக்குத் திரும்பிற்று. 2023இலே 597 கோடி, 2024இலே ஏறத்தாழ 657 கோடி டொலர் வந்தது. நியாய விலை கிடைக்குமாயின் மக்கள் நேர்வழியையே நாடுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. 200 டொலர் அனுப்புதற்கு உலகச் சராசரிச் செலவு நூற்றுக்கு 6க்கும் மேல் என உலக வங்கியின் கணக்குகள் அண்மை ஆண்டுகளிற் காட்டியுள்ளன. அதனை 2030க்குள் நூற்றுக்கு 3க்கும் கீழே இறக்க வேண்டுமென 2015இலே ஐக்கிய நாடுகள் சபை இலக்கு வகுத்தது. அவ்விலக்கு நிறைவேறும் வரை, நம் கணக்கை நாமே பார்த்துக்கொள்ளுதல் கடன்.

குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைக் கூறுவோம். பெறுபவர் பெயரைத் தேசிய அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் உள்ளவாறே, எழுத்துப் பிசகாமல் அனுப்புக. நம் பெயர்களை ஆங்கில எழுத்திலே பத்து விதமாக எழுதலாம். தந்தை பெயர் முன்னும் பின்னும் மாறுவதும் உண்டு. ஓரெழுத்துப் பிழையினாலே பணம் வாரக்கணக்கிலே இடைநின்று திரும்பியும் போகும். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்பவர்க்கும் கூறற்க.

கட்டணம் நிலையானதாயின் சிறிது சிறிதாகப் பலமுறை அனுப்புவதினும், சேர்த்து ஒருமுறை அனுப்புதல் இலாபம். ஆயின், அதுவரை வீட்டார் நகையை அடகு வைத்தோ நுண்கடன் வாங்கியோ காலம் தள்ளினால், மிஞ்சிய கட்டணத்தைப் போல் பன்மடங்கு வட்டிக்குப் போய்விடும். வெளிநாட்டிலுள்ளவரும் வீட்டிலுள்ளவரும் மாதச் செலவைப் பேசித் தீர்மானித்த பின்னரே தவணையை வகுத்தல் வேண்டும்.

இங்கிருந்து வெளிநாட்டிலே கற்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் பெற்றோரும் இக்கணக்கையே போடலாம். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற வங்கிகளை நாடி, கல்லூரியின் கட்டண ஆவணங்களையும் உடன் வைத்திருத்தல் நலம்.

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. உழைப்பவர் பெயரிலேயே ஒரு கணக்கு இருத்தல் வேண்டும். அதனை வெளிநாட்டு நாணயக் கணக்காகவும் வைத்திருத்தல் கூடும். வீட்டுச் செலவுக்குரிய பங்கு வீட்டார் கணக்குக்குப் போகட்டும். மிகுதிப் பங்கு அவள் கணக்கிலே தங்கட்டும். ஈராண்டு, நான்காண்டு அயலார் அடுக்களையிலே வெந்து திரும்பும் பெண், பாதியிலே நிற்கும் சுவரையும் வெறுமையான வங்கிப் புத்தகத்தையும் காணும் கொடுமை நம் ஊர்களிலே அரிதன்று. நூற்றுக்கு இரண்டு மூன்றைக் கழிக்கும் நிறுவனத்தோடு வாதாடும் நாம், நூற்றுக்கு நூறும் வீட்டுக்குள்ளேயே கரைவதைப் பேசாதிருத்தல் தகுமா?

அனுப்பும் பணத்துக்கும் அடையும் பணத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைப்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பெருக்கலும் கழித்தலும் போதும். வீட்டிலே பள்ளி செல்லும் பிள்ளை ஒருவர் இருப்பின், இம்மாதம் வந்த பற்றுச்சீட்டை அவரிடம் கொடுத்து, அன்றைய மத்திய வங்கி வீதத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். விடையாக வரும் தொகை எத்தனை நாட் கூலி என்பதையும் அவரே வகுத்துச் சொல்லட்டும். அன்று முதல் அவ்வீட்டிலே பணம் அளந்தே செலவாகும்.