இந்த வேலை யாருக்குப் பயன்படுகிறது?

நல்ல ஊதியமும் நிலையான பணியும் கிடைத்த பிள்ளைகள், ‘இந்த வேலையில் மனநிறைவு இல்லை’ என்று கூறும்போது பெற்றோர் திகைத்துப்போகின்றனர். வசதி தந்த சலிப்பு என்று அதனை எளிதில் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்குவது முறையன்று என்பதே நம் கருத்து.

முந்தைய தலைமுறைக்கு இக்கேள்வி பெரிதாக எழவில்லை. முதல் சம்பளம் வந்த நாளிலேயே அதற்கு விடை கிடைத்துவிட்டது. தம்பியின் கல்லூரிக் கட்டணம், தங்கையின் திருமணம், தந்தையின் மருத்துவச் செலவு என வேலையின் பயன் வீட்டிலேயே தெரிந்தது. பணியிடத்திலும் அது மறைவாக இல்லை. 1969-இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் சிற்றூர்களில் கிளைகள் பெருகின. தாம் பரிந்துரைத்த கடனில் வெட்டிய கிணற்றையும் வாங்கிய கறவை மாட்டையும் கிளை அலுவலர் நேரில் கண்டார்.

இன்றோ வேலை பல கூறுகளாகப் பிரிந்துவிட்டது. வீட்டுக்கடன் மனுவை ஒருவர் பெறுகிறார். வேறோர் அலுவலகத்தில் ஒருவர் ஆவணங்களைச் சரிபார்க்கிறார். மூன்றாமவர் ஒப்புதல் அளிக்கிறார். அந்த வீட்டின் புதுமனை புகுவிழாவை மூவருமே காண்பதில்லை. அவர்கள் காண்பது கணினித் திரையில் தெரியும் மாத இலக்கை மட்டுமே. மென்பொருள், காப்பீடு போன்ற துறைகளிலும் இதே நிலைதான். ஆகவே, ‘என் உழைப்பு யாருக்குப் பயன்பட்டது?’ என்று இளைஞர்கள் கேட்பது செருக்கு அன்று. பார்வையிலிருந்து மறைந்துவிட்ட ஒன்றையே அவர்கள் தேடுகின்றனர்.

டீச் ஃபார் இந்தியா அமைப்பின் வழியே 2009 முதல் பட்டதாரிகள் பலர், இரண்டு ஆண்டுகள் வசதி குறைந்த பள்ளிகளில் முழுநேரமாகக் கற்பித்து வருகின்றனர். நிறுவனப் பணியை விட்டு வந்தவர்களும் அவர்களுள் உண்டு. நேற்று எழுத்துக்கூட்டிய குழந்தை இன்று ஒரு பத்தியை வாசித்தால், உழைப்பின் பயன் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அனைவராலும் வேலையை விட இயலாது. விட வேண்டியதும் இல்லை. பயனைக் காட்டும் பொறுப்பு நிறுவனங்களுடையது. அதற்கு மேடைப் பேச்சும் சுவர் வாசகமும் போதா. நபார்டு 1992-இல் தொடங்கிய திட்டத்தின் வழியாக, மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிணையின்றி வங்கிக்கடன் பெறுகின்றன. அத்தகைய குழுவின் மாதக் கூட்டத்தில் இளம் அலுவலர் ஒருமுறை அமர்ந்து வரட்டும். கோப்பில் எண்ணாக இருந்த கடன், தையல் இயந்திரமாகவும் பெட்டிக்கடையாகவும் அவருக்குத் தெரியும். ஆனால், மனநிறைவைக் காட்டி உரிய ஊதியத்தைக் குறைப்பது நியாயமாகாது.

வீட்டில் நமக்கும் ஒரு கடமை உண்டு. ‘சம்பளம் எப்போது உயரும்?’ என்று கேட்கும் நாம், ‘இன்று உன் வேலையால் யாருக்கு நன்மை விளைந்தது?’ என்றும் கேட்போம்.