மதத்தின் தலையில் போட்ட பழி

மகளோ மகனோ ஒரு பெயரைச் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டதுமே அது தங்கள் வட்டத்துப் பெயர் இல்லை என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. பிறகு யாராவது ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, ஆனா நம்ம மதத்துல அதுக்கு இடம் இல்லையே" என்கிறார்.

எவ்வளவு வசதியான வாக்கியம்! சொன்னவர் நல்லவராகவே இருந்துவிடுகிறார். மறுப்பு முழுக்க ஆண்டவன் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் வேறெதில் சண்டை போட்டாலும் இந்த வாக்கியத்தில் மட்டும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மணமகள் தேவை பத்தியில் "சாதி தடையில்லை" என்று பெரிய மனதோடு ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே "எஸ்.சி., எஸ்.டி. நீங்கலாக" என்று முடிக்கிற விளம்பரத்தைப் பார்க்காத தமிழர் உண்டா? அந்த நீங்கலாகவை எந்த வேதம் எழுதிக் கொடுத்தது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

நான் சொல்வது இதுதான்: பெரும்பாலான இடங்களில் அந்தத் தடை மதத்தில் இல்லை. மதம் வாய்விட்டு அனுமதித்த இடத்திலும் சமூகம் தடுத்திருக்கிறது. தடுத்துவிட்டு மதத்தின் பெயரையே கையெழுத்தாகவும் போட்டிருக்கிறது. இதற்குக் கொச்சியின் மட்டாஞ்சேரியைவிடத் தெளிவான சாட்சியை நான் பார்த்ததில்லை.

மட்டாஞ்சேரி விசித்திரமான ஊர். கொங்கணிகள், குஜராத்திகள், கச்சி மேமன்கள், சமணர்கள், தமிழ் பிராமணர்கள் எல்லோரும் நடந்து போகும் தூரத்துக்குள் வாழ்கிறார்கள். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியில் டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார்களின் வாரிசுகள் டோபி கானாவில் இன்றும் துணி துவைக்கிறார்கள். ஒரே சந்தையில் மிளகு விற்று ஒரே தெருவில் தேர் பார்த்தவர்கள்தான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் என்று வந்தால் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனி எல்லை. சுற்றுலா வழிகாட்டிகள் இதை மத நல்லிணக்கம் என்கிறார்கள். நல்லிணக்கம்தான், கல்யாண மண்டப வாசல் வரைக்கும்.

அங்கே ஜூ டவுன் தெருவின் கோடியில், அரண்மனைச் சுவரை ஒட்டி, 1568இல் எழும்பிய, யூதர்களின் பரதேசி ஜெப ஆலயம் நிற்கிறது. 1760இல் யூத வணிகர் எசக்கியேல் ரஹாபி கட்டிக் கொடுத்த மணிக்கூண்டு. உள்ளே சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் பதித்த தரை. பயணிகள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அந்தத் தரையைப் பார்க்க உள்ளே போய்விடுகிறார்கள். நான் நிற்கச் சொல்வது அதற்கு முன்னால் இருக்கும் முன்கூடத்தில். தலைமுறை தலைமுறையாக யூதர்களில் ஒரு பகுதியினரை உட்காரவைத்த இடம் அதுதான்.

கேரளத்து யூதர்களில் மூத்தவர்கள் மலபாரிகள். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு அவர்களுடைய பெருமை. பரதேசிகள் பின்னால் வந்தவர்கள். 1492இல் ஸ்பெயின் துரத்தியடித்த குடும்பங்களும், அலெப்போ, பாக்தாத் போன்ற ஊர்களிலிருந்து வணிகத்துக்காக வந்தவர்களும் சேர்ந்தது அந்தக் கூட்டம். அடைக்கலம் தேடி வந்தவர்கள், ஏற்கெனவே இருந்தவர்களைக் 'கறுப்பு யூதர்' என்று பெயரிட்டுத் தள்ளி வைத்தார்கள். அதற்கும் கீழே ஒரு படி உண்டு: 'மெஷுக்ராரிம்', விடுதலை பெற்ற அடிமைகளும் அவர்கள் வழி வந்தவர்களும். இவர்களில் பலர் பரதேசி எஜமானர்களுக்கே பிறந்த பிள்ளைகளின் சந்ததி. சொந்த ரத்தத்தையே முன்கூடத்தில் உட்கார வைத்தார்கள். உள்ளே வந்து தோரா வாசிக்க அழைப்பில்லை. தங்கள் இடுகாட்டில் இடமில்லை. பெண் கொடுக்கல் வாங்கல் பேச்சுக்கே இடமில்லை.

சரி, யூத மதம் இதைச் சொன்னதா? யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் திருமண ஒப்பந்தம் பற்றிய 'கித்துஷின்' பகுதி யார் யாரை மணக்கலாம் என்று குலவாரியாகவே பேசுகிறது. அதில் விடுதலை பெற்ற அடிமையும் மதம் மாறி வந்தவரும் சாதாரண இஸ்ரவேலரை மணக்கலாம் என்று வெளிப்படையாக இருக்கிறது. தடை, ஆசாரியர் குலத்து ஆணுக்கு விடுதலையான அடிமைப் பெண்ணை மணப்பதில் மட்டும். யூதர்களுக்கும் குலக்கணக்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கிலேயே மட்டாஞ்சேரிக்காரர்கள் போட்ட விடை தப்பு.

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. 16ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கேள்வி எழுதி அனுப்பினார்கள். எகிப்தில் இருந்த பெரும் அறிஞர் டேவிட் இப்னு அபி சிம்ராவுக்குப் போயிற்று அது. அடிமை வம்சம் என்று ஒதுக்கப்படுகிறவர்களோடு மண உறவு கொள்ளலாமா? முறைப்படி முழுக்குச் சடங்கைச் செய்து சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டால் தாராளமாகக் கொள்ளலாம் என்றார். அவருடைய மாணவர் யாக்கோப் காஸ்ட்ரோவும் அதையே சொன்னார். அந்தக் காலத்து யூத உலகில் இதற்கு மேல் போய் முறையிட ஆள் கிடையாது. தீர்ப்பு, கடல் தாண்டி வந்தது. கொச்சி கேட்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பரதேசிகள் தங்கள் ஏட்டிலேயே விதி எழுதிக்கொண்டார்கள்: நம்மவன் ஒருவன் அந்தப் பெண்களில் ஒருத்தியை மணந்தால் பிள்ளைகள் தாயின் தரத்துக்குப் போவார்கள், அவனுக்கு மட்டும் சபையில் ஒரு குறையும் வராது. எழுதியவர் யாராயிருந்தாலும் ஆண் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நெடுங்காலம் கழித்து அந்த ஒதுக்கப்பட்ட குடும்பங்களில் ஒன்றிலிருந்து ஏ.பி. சேலம் (1882–1967) வந்தார். சென்னையில் சட்டம் படித்தவர், கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தவர், காந்தியைப் பின்பற்றியவர். வைக்கத்தில் தெருவில் நடக்க சத்தியாகிரகம் நடந்த அதே காலகட்டத்தில் அவர் தன் ஜெப ஆலயத்துக்குள் உட்கார சத்தியாகிரகம் செய்தார். 1929இல் இந்த வழக்கை ஆங்கிலத்தில் சிறு நூலாகவே எழுதினார். யூத காந்தி என்ற பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. முன்கூடத்துத் தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசி வரை விழாமல் நின்றது கல்யாணத் தடைதான். 1950இல் சேலத்தின் மகனும் பரதேசிகளான கோடர் குடும்பத்துப் பெண்ணும் மணக்க முடிவு செய்தபோது சொந்த ஊரில் நடத்த வழியில்லாமல் பம்பாய்க்குப் போய்த்தான் மணம் முடித்தார்கள். இருவரும் யூதர்கள். இருவருக்கும் ஒரே ஜெப ஆலயம். இப்போது சொல்லுங்கள், எந்த மதம் தடுத்தது?

பரதேசிகள் படித்த வேதத்திலேயே மோசேயின் மனைவி எத்தியோப்பியப் பெண்ணாயிற்றே என்று முணுமுணுத்த மிரியாமுக்குத் தொழுநோய் வந்ததாக எண்ணாகமம் சொல்கிறது. தாவீது அரசனின் பாட்டனைப் பெற்ற ரூத் மோவாபியப் பெண். ஆண்டுதோறும் ரூத்தின் கதையை ஜெப ஆலயத்தில் வாசிக்கிறவர்கள்தான் முன்கூடத்தில் சொந்தக்காரர்களை உட்கார வைத்தார்கள்.

யூதர்களை மட்டும் குறை சொல்வது சுலபம், இப்போது பதில் சொல்ல அவர்களில் அநேகமாக யாரும் ஊரில் இல்லை. அங்கிருந்து கோட்டயம் போவோம். அங்குள்ள க்னானாய கத்தோலிக்கர்கள், நான்காம் நூற்றாண்டில் கானாயி தோமாவோடு வந்தவர்களின் தூய வழியினர் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். 1911இல் போப் பத்தாம் பயஸ் அவர்களுக்கென்றே தனி மறைவட்டம் அமைத்தார். வேறு கத்தோலிக்கரை மணந்தால், கவனியுங்கள், வேறு மதத்தவரை அல்ல, இன்னொரு கத்தோலிக்கரை, பங்கை விட்டு வெளியேற வேண்டும் என்பது வழக்கம். திருச்சபைச் சட்டமோ இரு மனங்களின் சம்மதமே திருமணத்தை உண்டாக்குகிறது, எந்த மனித அதிகாரமும் அதற்கு மாற்றாக முடியாது என்கிறது. 2021இல் கோட்டயம் சார்பு நீதிமன்றம் இந்த வெளியேற்றம் செல்லாது என்றது. ஒரு சிவில் நீதிபதி வந்து கத்தோலிக்கர்களுக்குக் கத்தோலிக்கம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதே கோட்டயத்திலிருந்துதான் 2018இல் காதலித்த பெண்ணை மணந்த தலித் கிறிஸ்தவ இளைஞர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பெண்ணின் அண்ணன் உட்படப் பத்துப் பேருக்கு இரட்டை ஆயுள். ஞானஸ்நானம் எந்தத் தரத்தையும் கழுவவில்லை.

முஸ்லிம் வீடுகளில் 'குஃபு' பார்ப்பார்கள், சமநிலை. சட்ட அறிஞர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், உண்மை. ஆனால் குறைஷிக் குலத்து ஃபாத்திமா பின்த் கைஸ் மறுமணம் பற்றி யோசனை கேட்டு வந்தபோது, நபி அவருக்குச் சொன்ன பெயர் உசாமா, விடுதலை பெற்ற அடிமை ஜைதின் மகன். இந்த ஹதீஸை மேடையில் சொல்லிக் கண்ணீர் விடுகிறவர், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது முதலில் விசாரிப்பது எந்தக் குடும்பம் என்றுதான்.

நம் பக்கம் வருவோம். இந்து சாஸ்திரங்கள் தடுக்கவில்லை என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. மனு வர்ணக் கலப்பைப் பழித்துத்தான் எழுதுகிறார். ஆனால் நம்மவர்கள் மனுவைக் கேட்டு எதையும் செய்வதில்லை. வட்டி வாங்குவதிலும் கடல் தாண்டுவதிலும் அவரைத் தேடியதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் தேடி எடுக்கிறார்கள். நூல் தடுத்தால் நூலைப் பிடித்துக்கொள்வது, நூல் அனுமதித்தால் வழக்கத்தைப் பிடித்துக்கொள்வது. இதற்குப் பெயர் பக்தி இல்லை.

எர்ணாகுளத்துத் தமிழ் பிராமண வீடுகளில் மாசியும் பங்குனியும் கூடும் நேரத்தில் காரடையான் நோன்பு. வெல்ல அடையும் உப்பு அடையும் வேகும் வாசனை, நுனி இலையில் உருகாத வெண்ணெய், கழுத்தில் மஞ்சள் சரடு. பெண் குழந்தைகளுக்கும் கட்டிவிடுவார்கள், நல்ல கணவன் வரட்டும் என்று. நோன்பின் நாயகி சாவித்திரி. அவள் கதையை மறந்துவிட்டுத்தான் நோன்பு நோற்கிறோம் போலிருக்கிறது. மாப்பிள்ளையை நீயே போய்த் தேடிக்கொள் என்று அப்பாவே தேரேற்றி அனுப்பிய பெண் அவள். தேடிக் கண்டது ராஜ்யம் இழந்து காட்டில் விறகு வெட்டும் சத்தியவானை. நாரதர் வந்து ஜாதகமே சொல்லிவிட்டார்: இன்னும் ஒரே வருடம், பையன் இருக்க மாட்டான். வேறொருவனைப் பார் என்று அப்பாவும் கெஞ்சினார். தேர்ந்தெடுத்தாயிற்று, மாற்ற மாட்டேன் என்றாள். மகாபாரதம் அவளைக் கண்டிக்கவில்லை. எமன் பின்னாலேயே நடந்து பேசி, அவனை இணங்க வைத்தவளாகக் காட்டுகிறது. காலையில் அந்தச் சாவித்திரிக்கு அடை படைத்த வீட்டில் சாயங்காலம் பத்துப் பொருத்தம் போதவில்லை என்று ஒரு வரனைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

"கலந்தால் அடையாளம் அழிந்துவிடும்" என்பார்கள். கொஞ்சம் நியாயமான அச்சம் இது. சிறிய சமூகங்களுக்குக் கூடுதல் நியாயம். மட்டாஞ்சேரி கலக்கவில்லையே, என்ன மிஞ்சியது? ஜூ டவுனைக் காலி செய்ததில் பெரும்பங்கு 1950களில் நடந்த இஸ்ரேல் குடியேற்றத்துக்கு உண்டு, அதைக் கல்யாணத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் போகாமல் தங்கிய பரதேசிகளில் பொருத்தமான வரன் இல்லை என்றே மணமாகாமல் முதுமையடைந்தவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அடுத்த தெருவில் மலபாரிகள் இருந்தார்கள். முன்கூடத்தில் மெஷுக்ராரிம் இருந்தார்கள். யூதர் இல்லாமல் போகவில்லை. இருந்த யூதர் வேண்டாம் என்றார்கள்.

அடையாளத்தை உண்மையில் காப்பாற்றியவர்கள் பெண்கள். கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதித் தாய் மகளுக்குக் கொடுத்தார்கள். ஆய்வாளர்கள் ஸ்கறியா சக்கரியாவும் பார்பரா ஜான்சனும் அவற்றைச் சேகரித்தபோது, பரதேசி வீட்டு நோட்டிலும் மலபாரி வீட்டு நோட்டிலும் ஒரே பாட்டுகள் பல கிடைத்தன. மெஷுக்ராரிம் குடும்பத்தில் பிறந்து, கடற்படையில் வேலை பார்த்து, பிறகு இஸ்ரேலில் குடியேறிய ரூபி டேனியல் முதுமையில் அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க உதவினார். ஒரு குலத்துக்காரர் இன்னொரு குலத்துக்காரரின் பாட்டைப் பாடக் கூடாது என்று எந்த ஏட்டிலும் யாரும் விதி எழுதி வைத்திருக்கவில்லை.